உங்கள் செல் லைனில் அந்தச் சவ்வுப் புரதம் எத்தனை இருக்கிறது? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

மருந்தோ, ஆன்டிபாடியோ, நானோ துகளோ, எதை வைத்து வேலை செய்தாலும் சரி. அது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்றால், முதலில் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்: நாம் வளர்க்கும் செல்லில் அந்தப் புரதம் எத்தனை இருக்கிறது? நடைமுறையில் இதை யாரும் கேட்பதில்லை. திரவ நைட்ரஜன் தொட்டியில் ஹீலா, ஹெக் 293 என்ற செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வகைகள்) இருக்கின்றன, இருப்பதை வைத்துத் தொடங்குவோம் என்று இறங்கிவிடுகிறோம். சிக்னல் வராதபோது ஆன்டிபாடியைக் குறை சொல்கிறோம்.

கொரோனா காலத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற சவ்வுப் புரதம் ஹெக் 293 செல்லில் மிகக் குறைவு. அதனால் உலகம் முழுக்க ஆய்வகங்கள் அந்த ஜீனை வெளியிலிருந்து செலுத்திப் புதிய செல் லைன்களை உருவாக்கின. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ இ6 செல்லில் ஏசிஇ2 தாராளம், ஆனால் வைரஸின் முட்புரதத்தை வெட்டிக்கொடுக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போதவில்லை. நுரையீரல் புற்றிலிருந்து வந்த காலு-3 செல்லில் இரண்டும் இருந்தன. அதே நுரையீரல் புற்றிலிருந்து வந்த ஏ549 செல்லிலோ ஏசிஇ2 சொற்பம். எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்துச் செல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் தடுமாறினார்கள்.

இந்தக் கட்டுரையில் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் சவ்வுப் புரதமான ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை உதாரணமாக எடுத்துக்கொண்டு, தரவுத்தளத்தில் தேடுவதிலிருந்து ஒரு செல்லுக்கு இத்தனை என்ற எண்ணை எட்டுவது வரை வரிசையாகப் பார்ப்போம். உங்கள் புரதம் வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

முதலில்: எந்த "எத்தனை"?

ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. செல்லில் மொத்தம் எத்தனை? அதில் வெளிச்சவ்வில் நிற்பது எத்தனை? வேறொரு செல்லைவிட எத்தனை மடங்கு அதிகம் அல்லது குறைவு? செல்லைக் கரைத்து, புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பெரும்பாலும் முதலாவதையும் மூன்றாவதையும் கலந்து சொல்லும். சவ்வைத் துளையிடாமல், ஒளிரும் ஆன்டிபாடி ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இரண்டாவதைச் சொல்லும். மருந்து வெளியிலிருந்து வருகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எது வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அளவுகளைப் பற்றியும் ஒரு மதிப்பீடு மனதில் இருக்க வேண்டும். ஹீலா போன்ற ஒரு செல்லில் எல்லாப் புரத மூலக்கூறுகளையும் சேர்த்தால் நூறு கோடிக்கும் ஆயிரம் கோடிக்கும் இடையில் வரும். ஆக்டின் போன்றவை பல கோடி. சோடியம்-பொட்டாசியம் பம்ப் லட்சங்களில் இருக்கும். ஏ431 என்ற தோல் புற்றுச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் பத்து லட்சத்தைத் தாண்டும். அது இந்த உலகத்தில் பெரும் பணக்காரன். அட்ரினலின் ஏற்பி போன்ற, ஜி புரதத்தோடு இணைந்த ஏற்பிகள் இயல்பான செல்லில் பெரும்பாலும் சில ஆயிரம், சில சமயம் சில நூறு. ஆகவே அப்படிப்பட்ட ஏற்பிக்கு ஐம்பது லட்சம் என்று விடை வந்தால், கொண்டாடுவதற்கு முன் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

தரவுத்தளத்தில் தேடுவது

ஸ்வீடனில் மத்தியாஸ் உலேன் தலைமையில் 2003-ல் தொடங்கிய ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் இலவசம். ஜீனின் பெயரைத் தட்டி, செல் லைன் பகுதிக்குப் போனால், ஆயிரத்துக்கு மேற்பட்ட செல் லைன்களில் அந்த ஜீனின் ஆர்என்ஏ அளவு பட்டை வரைபடமாக வரும். ஈஜிஎஃப்ஆர் என்று தேடினால் ஏ431 உயர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் ஜீனே பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. அதனால் ஆர்என்ஏ, புரதம், மேற்பரப்பு எண்ணிக்கை மூன்றும் ஒரே திசையில் போகின்றன.

எப்போதும் இப்படி அமையாது. ஆர்என்ஏ அளவை வைத்துப் புரத அளவைக் கணித்தால் ஓரளவுதான் பொருந்தும், சவ்வுப் புரதங்களில் இன்னும் மோசம். புரதம் உண்டாக வேண்டும், மடிய வேண்டும், சர்க்கரை ஏற வேண்டும், துணைப் புரதம் இருந்தால் அதோடு சேர வேண்டும், அப்புறம்தான் வெளிச்சவ்வுக்கு வரும். வழியில் எங்கே தடைபட்டாலும் மேலே ஒன்றும் இருக்காது. டாடி என்ற பி செல் லைன் நல்ல உதாரணம். எச்எல்ஏ முதல் வகுப்புப் புரதத்தின் பெரிய சங்கிலிக்கான ஆர்என்ஏ அதில் இருக்கிறது. ஆனால் கூட நிற்க வேண்டிய பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஜீனில் பிழை இருப்பதால், மேற்பரப்பில் எச்எல்ஏ முதல் வகுப்பு இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகுதியாகக் காணப்படும் மாற்றத்திலும் இதே கதைதான். சிஎஃப்டிஆர் புரதம் உண்டாகிறது, ஆனால் சரியாக மடியாததால் உள்ளேயே பிடிபட்டு அழிகிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆர்என்ஏ தரவு "இல்லை" என்று சொன்னால் நம்புவேன். "இருக்கிறது" என்று சொன்னால் சந்தேகப்படுவேன். ஆர்என்ஏ இல்லாத செல், சுழிக் கட்டுப்பாட்டுக்கு (அந்தப் புரதமே இல்லாத ஒப்பீட்டுச் செல்லுக்கு) நல்ல வேட்பாளர். ஆர்என்ஏ நிறைய உள்ள செல், சோதித்துப் பார்க்க வேண்டிய வேட்பாளர் மட்டுமே.

அடுத்து, புரதத்தையே அளந்த தரவுகள். 2020-ல் வெளியான 375 புற்றுச் செல் லைன்களின் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரித் (புரதத் துண்டுகளை எடை பார்த்து அடையாளம் காணும் முறை) தொகுப்பு டெப்மேப் தளத்தில் கிடைக்கிறது. அதில் உள்ளவை ஒப்பீட்டு எண்கள். ஒரே புரதத்தைச் செல்லுக்குச் செல் ஒப்பிடலாம். ஒரே செல்லில் ஈஜிஎஃப்ஆரையும் ஹெர்2 என்ற இன்னொரு ஏற்பியையும் ஒப்பிட அந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது. இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டுவிடுகிறார்கள். பாக்ஸ்டிபி தளம் வேறு மாதிரி: மொத்தப் புரதத்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்று சொல்லும். பத்து பங்கு என்று இருந்து, செல்லில் மொத்தம் 500 கோடி மூலக்கூறுகள் என்று வைத்துக்கொண்டால், 50,000 பிரதிகள். தோராயம்தான், ஆனால் ஆயிரமா லட்சமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதிகளில் டிரிப்சின் நொதி வெட்டும் இடங்கள் குறைவு, கரைவதும் சிரமம். அதனால் ஏழு தடவை சவ்வைக் கடக்கும் ஏற்பி தரவில் தென்படவில்லை என்றால் அது செல்லில் இல்லை என்று ஆகாது. இரண்டாவது, 2014-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் குழு கொண்டுவந்த, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோனை அளவுகோலாக வைக்கும் முறை. ஹிஸ்டோனின் அளவு டிஎன்ஏ அளவோடு ஒத்துப்போவதால், செல்லை எண்ணாமலேயே செல்லுக்கு எத்தனை பிரதி என்று கணக்கிட முடிகிறது. அழகான யோசனை. ஆனால் ஒரு செல்லில் 6.5 பிகோகிராம் டிஎன்ஏ என்ற எண் இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்ட இயல்பான மனிதச் செல்லுக்கானது. ஹீலாவிலும் ஹெக் 293-யிலும் குரோமோசோம்கள் 46-ஐ நன்றாகத் தாண்டும். இதைத் திருத்தாமல் போட்ட எண் குறைவாகவே வரும்.

சூரிக்கிலிருந்து 2015-ல் வந்த செல் மேற்பரப்புப் புரத அட்லஸையும் ஒரு தடவை பாருங்கள். 41 மனிதச் செல் வகைகளில் மேற்பரப்பில் உண்மையிலேயே பிடிபட்ட சர்க்கரைப் புரதங்கள் அதில் உள்ளன. எண்ணிக்கை தராது, ஆனால் வெளியே நிற்கிறதா என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

செல்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு செல் லைனை வைத்து அளக்காதீர்கள். அதிகம், நடுத்தரம், குறைவு, சுழி என்று ஒரு ஏணி வேண்டும். ஈஜிஎஃப்ஆருக்கு ஏ431 உச்சியில். ஹீலா அதற்கு நன்றாகக் கீழே, ஒரு லட்சத்தின் சுற்றுவட்டாரத்தில். எம்சிஎஃப்-7 அதற்கும் கீழே. அடியில் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த சிஎச்ஓ, அதில் ஈஜிஎஃப்ஆர் கிடையாது. ஹெர்2 என்றால் எஸ்கே-பிஆர்-3 அல்லது பிடி-474 மேலே, எம்சிஎஃப்-7 கீழே. சிடி20 என்றால் ராஜி மேலே, டி செல்லான ஜர்காட் சுழி. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியான சிடி71-க்கு வேகமாகப் பெருகும் கே562 நல்ல தேர்வு. எச்எல்ஏ முதல் வகுப்புக்கு டாடியும் கே562-வும் சுழிப் பக்கம் நிற்கும்.

சுழி செல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐசோடைப் கட்டுப்பாட்டு ஆன்டிபாடி (அதே வகை, ஆனால் இந்தப் புரதத்தைப் பிடிக்காதது) ஒன்றை வாங்கிவைத்து அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது உங்கள் ஆன்டிபாடி வேறு எதிலும் ஒட்டவில்லை என்று நிரூபிக்காது. அந்த ஜீனை கிரிஸ்பர் மூலம் நீக்கிய அதே செல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஒற்றைக் குரோமோசோம் தொகுதிக்கு நெருக்கமான எச்ஏபி1 செல்லில் ஜீன் நீக்கப்பட்ட வகைகள் விலைக்கே கிடைக்கின்றன.

அது அந்தச் செல்தானா?

சிரிக்க வேண்டாம், இது பெரிய பிரச்சினை. ஹீலா 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவரிடம் அனுமதி கேட்காமலே எடுக்கப்பட்டது. அது வளரும் வேகத்தில் மற்ற ஃப்ளாஸ்குகளுக்குள் புகுந்து அந்த இடத்தையே பிடித்துக்கொண்டது. கேபி, ஹெப்-2, சாங் கல்லீரல் செல் என்று பெயர் எழுதி விற்கப்பட்ட பல செல்கள் உண்மையில் ஹீலாதான். மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் நம்பப்பட்ட எம்டிஏ-எம்பி-435, எம்14 என்ற மெலனோமா செல்லோடு ஒத்துப்போனது. சுவிட்சர்லாந்தில் பராமரிக்கப்படும் செல்லோசாரஸ் தளத்தில் செல் லைன் பெயரைத் தேடினால், சிக்கல் உள்ளவற்றுக்கு எச்சரிக்கைக் குறிப்பு இருக்கும். இரண்டு நிமிட வேலை.

பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஃப்ளாஸ்க் வாங்கிவருவது நம் ஊரில் சாதாரணம். வாங்கலாம். ஆனால் செல் எது என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்லும் எஸ்டிஆர் சோதனை அறிக்கையும், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று அண்மையில் செய்த சோதனை முடிவும் கேளுங்கள். இல்லை என்றால் புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்திலிருந்து வாங்குவதே நிம்மதி. பெயர் சரியாக இருந்தாலும் போதாது. 13 ஆய்வகங்களிலிருந்து 14 ஹீலா மாதிரிகளைத் திரட்டி ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஜீன் பிரதிகளிலும், ஆர்என்ஏயிலும், புரத அளவிலும் அவை ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்டன. அதனால் கட்டுரையில் படித்த "ஹீலாவில் இத்தனை" என்ற எண் உங்கள் ஹீலாவுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வளர்க்கும் நிலை

நான்கு செல்களையும் ஒரே நாளில் விதையுங்கள், ஏறக்குறைய 70 சதவீதம் நிரம்பியபோது எடுங்கள். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது ஏற்பிகளின் எண்ணிக்கை மாறும். மீடியத்தில் ஈஜிஎஃப் சேர்த்திருந்தால் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு மேற்பரப்பு எண்ணிக்கை சரியும். பாசேஜ் எண் (செல்லைப் புதிய ஃப்ளாஸ்குக்கு எத்தனையாவது முறை மாற்றியது), சீரம் வாங்கிய தொகுதி எண் இரண்டையும் குறித்துவையுங்கள்.

ஃப்ளாஸ்கிலிருந்து பிரித்தெடுப்பது

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். செல்லைப் பெயர்த்தெடுக்க எல்லோரும் டிரிப்சின் ஊற்றுகிறார்கள். டிரிப்சினின் வேலை புரதத்தை வெட்டுவது. நாம் எண்ண வந்ததே செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை. சில புரதங்கள் தப்பிக்கும், சில அடியோடு போய்விடும். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் வெளிப்பகுதியை டிரிப்சின் சவ்வுக்கு அருகிலேயே வெட்டி எடுத்துவிடும்.

அதனால், மெக்னீசியமும் கால்சியமும் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ 2 மில்லிமோலார் கலந்த பிபிஎஸ் ஊற்றி, 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். மெதுவாகத் தட்டினால் ஹீலா கழன்றுவரும். ஏ431 பிடிவாதக்காரன், கூடுதல் நேரம் கேட்கும். எம்சிஎஃப்-7 கொத்துக் கொத்தாக வரும். 40 மைக்ரான் வடிகட்டியில் விட்டால்தான் தனித்தனிச் செல்லாகும். இடிடிஏக்கு மசியாத செல்லுக்கு அக்குடேஸ் என்ற நொதிக் கலவையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதுவும் சில புரதங்களைத் தொடும்.

உங்கள் புரதத்தை உங்கள் பிரிப்பு முறை பாதிக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அந்தப் புரதம் உள்ள, மிதந்து வளரும் செல் ஒன்றை எடுங்கள். கே562, ஜர்காட், ராஜி, எது பொருந்துகிறதோ அது. அவற்றைப் பெயர்க்கவே தேவையில்லை. பாதியை அப்படியே வைத்து, மறுபாதியை டிரிப்சினிலோ அக்குடேஸிலோ ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சாயம் ஏற்றிப் பாருங்கள். கே562-வில் சிடி71-ஐ வைத்து இதை ஒரு தடவை செய்து பார்த்தவர், டிரிப்சின் போட்ட செல்லின் மேற்பரப்பு எண்ணிக்கையை அப்புறம் ஒருநாளும் நம்ப மாட்டார்.

ஆன்டிபாடி எவ்வளவு?

இனி எல்லாம் ஐஸில். குளிரில் வைத்தால்தான் ஏற்பி உள்ளே இழுக்கப்படாமல் நிற்கும். பிபிஎஸ், 1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்), 2 மில்லிமோலார் இடிடிஏ, 0.1 சதவீதம் சோடியம் அசைடு கொண்ட பஃபர் போதும். அசைடு நஞ்சு. அதைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், உலோகக் குழாயோடு சேர்ந்து வெடிக்கும் தன்மையுள்ள உப்பாக மாறலாம். கே562 போல, ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பி உள்ள செல் என்றால், அதை அடைக்கும் எஃப்சி பிளாக் கட்டாயம். ஹெக் 293-க்கும் ஹீலாவுக்கும் அது அவ்வளவு கவலையில்லை.

எண்ணிக்கை சரியாக வர வேண்டுமானால் ஒவ்வொரு ஏற்பியிலும் ஆன்டிபாடி உட்கார்ந்திருக்க வேண்டும். குப்பியில் "ஒரு சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர்" என்று இருக்கும். அது பெரும்பாலும் ரத்தச் செல்களை மனதில் வைத்துச் சொன்னது. ஏ431-க்கு அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழாயில் 2 லட்சம் செல்கள், செல்லுக்கு 20 லட்சம் ஏற்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 40,000 கோடி ஏற்பிகள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆன்டிபாடி போட வேண்டுமென்றால், 1,50,000 டால்டன் எடையுள்ள ஆன்டிபாடியில் அது 0.1 மைக்ரோகிராம். குழாயில் நீங்கள் போட்டதே 0.1 மைக்ரோகிராம் என்றால் எண்ணிக்கை சமமாகிவிட்டது. மிச்சம் இல்லாத இடத்தில் எல்லா ஏற்பியும் நிரம்பாது. செல்லை 50,000 ஆகக் குறையுங்கள், அல்லது ஆன்டிபாடியைக் கூட்டுங்கள்.

எவ்வளவு கூட்டுவது? 10 மைக்ரோகிராம் பெர் மில்லியில் தொடங்கி பாதி பாதியாக எட்டுப் படி குறைத்து, ஏ431-லும் சிஎச்ஓவிலும் சாயம் ஏற்றுங்கள். ஏ431 கோடு ஒரு கட்டத்தில் சமதளமாகும். சிஎச்ஓ கோடு மெதுவாக ஏறிக்கொண்டே போகும், அது வெறும் ஒட்டல். ஏ431 சமதளமாகி, சிஎச்ஓ இன்னும் தாழ்வாக இருக்கும் அளவே உங்களுக்கானது. இதற்கு ஒரு மதியம் போகும். ஆன்டிபாடித் தொகுதி மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

45 நிமிடம் ஐஸில், இருட்டில் வைத்து, இரண்டு முறை கழுவுங்கள். இறந்த செல் எல்லாவற்றையும் உறிஞ்சும் என்பதால் அவற்றை விலக்க ஒரு சாயம் வேண்டும். ஆன்டிபாடியில் ஒட்டிய பிஇ என்ற ஒளிரும் நிறத்தோடு, இறந்த செல்லில் ஏறும் 7-ஏஏடி சாயத்தைப் போட்டால் ஒன்றின் ஒளி மற்றதில் கசியும். ஊதா லேசர் இருந்தால் டாபி சாயம் போடுங்கள், வம்பே இல்லை. அன்றைக்கே கருவியில் ஓட்டிவிடுங்கள்.

ஒளியை எண்ணாக மாற்றுவது

ஃப்ளோ கருவி காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதுவும் கூடும். அதை மூலக்கூறு எண்ணிக்கையாக மாற்ற அளவு தெரிந்த பீட்ஸ் (நுண்மணிகள்) வேண்டும். குவான்டிபிரைட் பிஇ பீட்ஸ் என்றால், ஒவ்வொரு மணியிலும் சராசரியாக எத்தனை பிஇ மூலக்கூறுகள் என்று நான்கு நிலைகளுக்கு, பெட்டியோடு வரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். தொகுதிக்குத் தொகுதி எண் மாறும். பழைய தாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு ஆன்டிபாடியில் ஒரே ஒரு பிஇ ஒட்டியிருந்தால்தான் பிஇ எண்ணிக்கையும் ஆன்டிபாடி எண்ணிக்கையும் ஒன்றாகும். அப்படிச் சுத்திகரித்ததா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீட்ஸையும் செல்களையும் ஒரே நாளில், ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். இடையில் பிஇ டிடெக்டரின் மின்னழுத்தத்தைத் தொடக் கூடாது. ஒற்றை மணிகளை மட்டும் பிரித்துத் தேர்ந்து (கேட் செய்து), நான்கு சிகரங்களின் ஜியோமெட்ரிக் சராசரியையும், தாளில் உள்ள எண்களையும் மடக்கையாக மாற்றி நேர்கோடு பொருத்துங்கள். சாய்வு ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். கோடு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: மூலக்கூறு எண்ணிக்கையின் மடக்கை = 0.98 × ஒளியின் மடக்கை + 0.30. செல்லின் ஒளி 10,000. அதன் மடக்கை 4. 3.92-ஓடு 0.30 கூட்டினால் 4.22, அதாவது ஏறக்குறைய 16,600. சுழிக் கட்டுப்பாட்டுச் செல்லின் ஒளி 200. அது அதே கோட்டில் 360 என்று வரும். கழித்தால் 16,200 சொச்சம். இரண்டையும் தனித்தனியே எண்ணிக்கையாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். மடக்கையில் கழித்தால் அது வகுத்தலாகிவிடும்.

எம்சிஎஃப்-7-க்கு இது சுகமாக முடியும். ஏ431-ல்தான் இடிக்கும். குவான்டிபிரைட்டின் மிகப் பிரகாசமான மணியே பத்தாயிரங்களில்தான் நிற்கிறது. ஏ431 அதைப் பல மடங்கு தாண்டி எங்கோ இருக்கும். கோட்டை அவ்வளவு தூரம் நீட்டுவது நியாயமில்லை, டிடெக்டரும் அங்கே நேராக நடக்காது. ஒரு வழி, பிஇ ஒட்டிய ஆன்டிபாடியோடு அதே குளோனின் பிஇ ஒட்டாத ஆன்டிபாடியை ஒன்றுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் கலந்து, விடையைப் பத்தால் பெருக்குவது. இரண்டும் ஒரே வலுவோடு பிடிக்கின்றனவா என்பதை ஹீலாவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: கலந்தும் கலக்காமலும் அளந்தால் ஒரே விடை வர வேண்டும். இன்னொரு வழி, ஆன்டிபாடியையே பிடித்துக்கொள்ளும் குவான்டம் சிம்ப்ளி செல்லுலார் வகை பீட்ஸ். அது இன்னும் உயர்ந்த எண்ணிக்கை வரை போகும். மங்கலான சாயத்தோடும் சேர்ந்து வேலை செய்யும்.

வந்த விடையை "ஏற்பிகள்" என்று எழுத எனக்கு மனம் வராது. ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். ஒரு ஏற்பியை ஒரு கையால் பிடித்தபடியும் நிற்கலாம், இரண்டு ஏற்பிகளை இரண்டு கையாலும் பிடிக்கலாம். உண்மையான ஏற்பி எண்ணிக்கை, கிடைத்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் எங்கோ இருக்கும். அதனால் "செல்லுக்குப் பிடித்த ஆன்டிபாடிகள்" என்றே எழுதுங்கள்.

இன்னொரு முறையால் சரிபார்ப்பது

கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறை ஏற்பியில் கட்டி அளக்கும் வசதி இருந்தால், அங்கே கிடைப்பது பத்து லட்சம் செல்லுக்கு இத்தனை ஃபெம்டோமோல் என்ற எண். அதை 602-ஆல் பெருக்கினால் ஒரு செல்லுக்கு எத்தனை என்று வந்துவிடும். ஆன்டிபாடி சரியில்லாத, சில ஆயிரமே இருக்கும் ஏற்பிகளுக்கு இன்றும் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வெஸ்டர்ன் பிளாட்டில் சரிபார்க்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. சவ்வைப் பல தடவை கடக்கும் புரதங்களை 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் கட்டியாகி ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பட்டை ஒரே கோடாக இல்லாமல் பரவித் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது ஏறிய சர்க்கரை. பிஎன்ஜேஸ் எஃப் நொதி போட்டால் சுருங்கி நேராகும்.

எண்ணிக்கை கிடைத்ததும் அதை அடர்த்தியாகவும் மாற்றிப் பாருங்கள். 15 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைச் செல்லின் மேற்பரப்பு சுமார் 700 சதுர மைக்ரான். ஒரு லட்சம் ஏற்பிகள் என்றால் சதுர மைக்ரானுக்கு 140 போல. பத்து லட்சம் என்றால் 1,400. சவ்வில் மடிப்புகள் இருப்பதால் உண்மையான பரப்பு இதைவிட அதிகம். இரண்டு கையாலும் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்துக்கு, மொத்த எண்ணிக்கையைவிட இந்த நெருக்கம்தான் பல நேரம் முக்கியம். பெரிய செல்லும் சின்னச் செல்லும் ஒரே எண்ணைக் காட்டினாலும் இங்கே பிரிந்துவிடும்.

எழுதிவைப்பது

"ஏ431: +++, எம்சிஎஃப்-7: +" என்று கூட்டல் குறி போட்டு எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அது எதற்கும் உதவாது. செல்லின் பெயர், எங்கிருந்து வந்தது, எஸ்டிஆர் தேதி, பாசேஜ், எத்தனை சதவீதம் நிரம்பியது, எப்படிப் பெயர்த்தெடுத்தது, ஆன்டிபாடியின் குளோனும் தொகுதியும் செறிவும், பீட்ஸின் தொகுதி, சுழிச் செல்லில் வந்த எண், மூன்று வெவ்வேறு நாட்களில் வந்த விடைகள். இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். அளந்த அதே பாசேஜில் ஐந்தாறு குப்பிகள் உறையவைத்து, அந்தத் தாளின் எண்ணைக் குப்பியின் மேல் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மருந்துச் சோதனையில் ஏதாவது இடறினால், முதலில் உருக்கி அளந்து பார்க்க வேண்டியது அந்தக் குப்பியைத்தான்.